செய்தாரா, செய்ய விட்டாரா?

என் பெரியம்மாவின் கடைசி மகன் 19 வயதில் கடலில் போனான். ஆடிக் காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. கூட இருந்த மூன்று பேரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். இவன் உடல் மறுநாள் சாயங்காலம் ஒதுங்கியது. அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியும் முற்றத்தில் போட்ட ஷாமியானாவைப் பிரிக்கவில்லை. வாடகை நாற்காலிகளில் ஆட்கள் வருவதும் எழுந்து போவதுமாக இருந்தார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள், ஆளுக்கு ஓர் ஆறுதல் கொண்டுவந்தார்கள். "ஆண்டவர் சித்தம், என்ன செய்ய?" "நல்ல பூவத்தான் அவரு மொதல்ல பறிப்பாரு." "இதுலயும் ஏதோ ஒரு நன்ம வச்சிருப்பாரு, பாரு." பெரியம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மடியில் அவனுடைய நீலச் சட்டை கிடந்தது. காலரின் உள்மடிப்பில் வியர்வைக் கறை அப்படியே இருந்தது. அதைத் துவைக்க யாரையும் விடவில்லை. ஆட்கள் கலைந்த நேரம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ஏய்யா, நீ நாலு புத்தகம் படிச்சவன். அவரு செஞ்சாரா, செய்ய விட்டாரா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் நாலு புத்தகம் உண்மையாகவே படிக்கத் தொடங்கினேன். பெரியம்மா நாலு சொல்லில் கேட்டுவிட்டதன் மேல்தான் கிறிஸ்தவ இறையியலின் பெரிய மூளைகள் நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொண்டிருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம்முடைய பெருநூலில் 'கடவுள் இருக்கிறாரா' என்று கேட்டு, இல்லை என்பவர்கள் சொல்லக்கூடிய காரணங்களை அடுக்குகிறார். இரண்டே இரண்டுதான் சொல்கிறார். முதலாவது, தீமை. எல்லையற்ற நன்மை ஒன்று இருந்தால் அதற்கு எதிரானது இருக்க இடமே இருக்காதே, உலகில் தீமை இருக்கிறதே என்பது அது. எதிராளியின் வாதத்தை இவ்வளவு கூர்மையாக எடுத்து முன்னால் வைத்த நேர்மைக்காகவே அவரை மதிக்கலாம். அவருடைய விடை, பெரியம்மாவின் சொற்களில் சொன்னால், 'செய்ய விட்டார்' என்பது. தீமை நடக்க வேண்டும் என்று கடவுள் விரும்புவதில்லை, அதை நடக்கவிடாமல் தடுக்கவும் விரும்புவதில்லை, நடக்க அனுமதிக்கிறார், அதிலிருந்து நன்மையை எடுக்க அவரால் முடியும் என்கிறார். சித்தம் வேறு, அனுமதி வேறு.

மூன்று நூற்றாண்டு கழித்து ஜான் கால்வின் இந்தப் பிரிவினையை ஏற்க மறுத்தார். எல்லாம் வல்லவர் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார் என்று சொல்வது அவரைக் காப்பாற்றுகிற பேச்சாகத் தெரியலாம், ஆனால் அது அவரைச் சிறுமைப்படுத்துகிறது என்றார். அவருடைய விடை, 'செய்தார்' என்பதற்கு வெகு அருகில் நிற்கிறது. கேட்கக் கடுமையாக இருந்தாலும் அதற்குள் ஒரு பரிவு உண்டு. என் பிள்ளையின் சாவு வெறும் தற்செயல் இல்லை, அதற்கு ஏதோ ஓர் அர்த்தம் இருக்கிறது என்று பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைக்கிறது. துக்க வீட்டில் "ஆண்டவர் சித்தம்" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கயிற்றைத்தான் நீட்டுகிறார்கள். அது சிலருக்குக் கயிறாக இருக்கிறது, சிலருக்குச் சுருக்காகிவிடுகிறது.

தத்துவவாதிகளின் சண்டையில் ஒரு பகுதி ஓரளவு தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். 1955-இல் ஜே. எல். மாக்கி என்ற ஆஸ்திரேலியத் தத்துவவாதி, எல்லாம் வல்ல நல்ல கடவுள் என்பதும் தீமை என்பதும் ஒன்றாக இருக்கவே முடியாது, அது தர்க்க முரண் என்று வாதிட்டார். ஆல்வின் பிளான்டிங்கா 1974-இல் அதற்கு விடை எழுதினார். சுதந்திரமுள்ள மனிதர்களைப் படைத்துவிட்டு, அவர்கள் நல்லதை மட்டுமே தேர்ந்தெடுக்கும்படி கட்டாயப்படுத்துவது, எல்லாம் வல்லவராலும் ஆகாத காரியமாக இருக்கலாம். கட்டாயம் வந்தால் சுதந்திரம் போய்விடுகிறது. ஆகவே முரண் இல்லை. கடவுள் மறுப்பாளர்களிலும் பலர் இதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கவனியுங்கள், பிளான்டிங்கா நிறுவியது 'முரண் இல்லை' என்பதை மட்டும்தான். கடவுள் அனுமதித்த காரணம் இன்னதுதான் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல முடியும் என்று உரிமை கொண்டாடவும் இல்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது செத்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதே காலையில் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் திருப்பலி நேரத்தில் கோவில்கள் சிதறின. சுதந்திரம் என்ற விடையை இந்த வாசலில் கொண்டுவந்து வைத்துப் பார்க்க வேண்டும். குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவனுக்குச் சுதந்திரம் இருந்தது, சரி. அந்தப் பிள்ளைகளின் சுதந்திரம்? பெரியவர்களாகி, படித்து, தப்பு செய்து, மனம் திரும்பி வாழ்ந்திருக்க வேண்டிய அவர்களுடைய சுதந்திரத்தைவிட அவனுடையது எந்த வகையில் பெரியது? தீமை எங்கிருந்து வருகிறது என்பதைச் சுதந்திர வாதம் சொல்லும். ஒரு குறிப்பிட்ட காலையில், ஒரு குறிப்பிட்ட வாசலில் கடவுளின் கை ஏன் தடுக்கவில்லை என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வைப்பது அந்த வாதத்தின் தோளில் தூக்க முடியாத சுமையை ஏற்றுவதாகும்.

கடல் எழுந்து வந்தால் சுதந்திர வாதம் அந்த அளவுக்குக்கூட நிற்காது. கடலுக்கு ஏது சுதந்திரம்?

1755 நவம்பர் 1, லிஸ்பன். அனைத்துப் புனிதர் பெருவிழா. காலை ஒன்பதரை மணிவாக்கில் நகரத்துக் கோவில்கள் எல்லாம் நிறைந்திருந்தன, பீடங்களில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. பூமி குலுங்கிக் கூரைகள் ஜனங்கள் மேல் இறங்கின. தப்பியவர்கள் திறந்த இடம் தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே கடல் ஆற்றுவழியாக ஏறிவந்து அவர்களை அள்ளியது. சரிந்த கோவில்களின் திரிகளும் வீட்டு அடுப்புகளும் பற்றவைத்த தீ நாள்கணக்கில் எரிந்தது. அனைத்துப் புனிதர்களின் பெயரால் இருந்த பெரிய மருத்துவமனை, அனைத்துப் புனிதர் நாளில், படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகளோடு எரிந்தது.

உடனே விளக்கங்கள் கிளம்பின. கப்ரியேல் மலகிரீடா என்ற இயேசு சபைக் குரு, இதற்குக் காரணம் இயற்கை அல்ல, லிஸ்பனின் பாவங்களே என்று 1756-இல் சிறுநூல் வெளியிட்டார். நாடகம், இசை, களியாட்டம் என்று பட்டியலிட்டார். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லியும் எழுதினார். அவருக்குத் தெரிந்த பாவம் வேறு: அந்த நகரத்தில் சமய விசாரணை மன்றம் சிந்திய இரத்தம். ஒரே நிலநடுக்கத்தில் கத்தோலிக்கர் ஒருவர் பக்திக் குறைவுக்குத் தண்டனையைப் பார்த்தார், புராட்டஸ்டண்டு ஒருவர் கத்தோலிக்கக் கொடுமைக்குத் தண்டனையைப் பார்த்தார். இரண்டு பேருமே கடவுளை நேசித்தவர்கள்தான். ஆனால் இடிபாட்டைப் பார்த்துக் கடவுளின் மனத்தைப் படிக்கப் புறப்படுகிறவர், அங்கே தம்முடைய மனத்தில் ஏற்கெனவே இருந்ததையே படிக்கிறார். மலகிரீடாவின் முடிவு கொடியது. 1761-இல் அதே விசாரணை மன்றம் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தது.

எதிர்ப்பக்கத்தில், இதுவே சாத்தியமான உலகங்களில் சிறந்தது என்று 1710-இல் லைப்னிட்ஸ் எழுதியிருந்த தத்துவத்தை வோல்டேர் ஒரு கவிதையில் குத்திக் கிழித்தார். அதற்கு ரூசோ 1756 ஆகஸ்டில் எழுதிய கடிதம் பலர் நினைப்பதைவிட முக்கியமானது. ஆறு ஏழு மாடி வீடுகளை நெருக்கி நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லையே என்று அவர் கேட்டார். போர்த்துகல் அமைச்சர் பொம்பால் இன்னொன்று செய்தார். நாட்டின் பங்குகளுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பினார். அதிர்ச்சி எத்தனை நிமிடம் நீடித்தது? கடல் முதலில் ஏறியதா, வற்றியதா? எத்தனை பேர் இறந்தார்கள்? நிலநடுக்க அறிவியலின் தொடக்கங்களில் ஒன்றாக அந்தத் தாளைச் சொல்கிறார்கள். 'யார் செய்த பாவம்' என்று பிரசங்கித்துப் பழகிய பங்குக் குருக்கள், இறந்தவர்களை எண்ணவும் நிமிடத்தைக் கணக்கிடவும் உட்கார்ந்தார்கள். அதுவும் ஒருவகைப் பக்தி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இருநூற்று நாற்பத்தொன்பது ஆண்டு கழித்து, நம் கரையில். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிறு. இந்திய நேரம் 6.29-க்குச் சுமத்ரா அருகே கடலடியில் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. ஒன்பது மணிவாக்கில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் அலை ஏறியது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வேளாங்கண்ணியில் பண்டிகைக்கு வந்திருந்த யாத்ரீகர்கள் பூசை கண்டுவிட்டுக் கடற்கரையில் நின்றிருந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களை அலை கொண்டுபோனது. பேராலயம் சேதமில்லாமல் நின்றது, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

மாதா தம்முடைய கோவிலைக் காப்பாற்றினாள் என்ற பேச்சு அன்றே எழுந்தது. பிழைத்தவர் நன்றி சொல்வதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கரையில் மகளைத் தொலைத்த தகப்பன் அந்தப் பேச்சைக் கேட்டால் என்ன நினைப்பான்? அவனும் மாதாவைப் பார்க்கத்தான் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். நன்றி, சாட்சி சொல்வதோடு நின்றால் அழகு. கணக்குப் பார்க்கத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவனைக் குத்திவிடும்.

ரூசோவின் கேள்வியையும் இங்கே கேட்டாக வேண்டும். பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. ஹைதராபாத்தில் நம் மையம் வந்தது 2007-இல்தான். பூமி அதிர்ந்ததற்கும் அலை வந்ததற்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கடற்கரையில் ஒரு ஒலிபெருக்கிக்கு அது போதும். 'கடவுள் ஏன் அனுமதித்தார்' என்பதற்குள் 'நாம் ஏன் அனுமதித்தோம்' என்பது பல நேரம் ஒளிந்திருக்கிறது. ஆனாலும் மிச்சம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. எந்த மையமும் இல்லாத காலத்திலும் கடல் ஆளை விழுங்கியிருக்கிறது.

அந்த மிச்சத்துக்கு இயற்பியலாளராக இருந்து ஆங்கிலிக்கன் குருவான ஜான் போல்கிங்ஹார்ன் ஒரு விடை தந்தார். மனிதருக்குச் சுதந்திரம் கொடுத்ததுபோல உலகத்துக்கும் தன் போக்கில் இயங்கும் வழியைக் கடவுள் கொடுத்திருக்கிறார். கண்டங்களை உயர்த்துவதும், கரியமிலத்தைச் சுழலவிட்டுப் பூமியை உயிர் வாழத் தகுந்ததாக வைத்திருப்பதும் நிலத்தட்டுகளின் அசைவுதான். அதே அசைவுதான் அலையையும் எழுப்புகிறது. இதை நான் மதிக்கிறேன். 'அனுமதி' என்ற சொல்லுக்கு இதுவரை கிடைத்தவற்றில் தெளிவான பொருள் இதுதான். ஒவ்வொரு சாவும் மேலிடத்தில் கையெழுத்தாகி வருகிற உத்தரவு இல்லை. ஆனால் நீலச் சட்டையை மடியில் வைத்திருப்பவளிடம் நிலத்தட்டுகளைப் பற்றிப் பேசிவிட முடியாது.

'புடமிடுதல்' என்று நம் சபைகளில் அடிக்கடி கேட்கிற விடையும் உண்டு. ஜான் ஹிக் 1966-இல் அதைத் தத்துவமாக விரித்தார். துன்பத்தில்தான் ஆன்மா பக்குவப்படுகிறது என்பது சாரம். பாடுபட்டவர் தன் வாயால் சொன்னால் அது உண்மை. பார்க்க வந்தவர் சொன்னால் கொடுமை. மேலும், புடத்தில் பொன் மட்டுமா போகிறது? மூன்று வயதுப் பிள்ளை புடம் போட்டு எடுக்கப்படுவதில்லை, எரிந்துபோகிறது.

இந்த விடைகளை எல்லாம் படித்துவிட்டுத் திரும்ப வேதத்துக்கு வந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு சாதாரணமானதல்ல. வேதம் இந்தக் கேள்விக்குக் காரணம் சொல்ல மறுக்கிறது. அதைவிட, காரணம் சொல்கிறவர்களைக் கண்டிக்கிறது. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றி இயேசுவிடம் வந்து சொல்கிறார்கள். அது மனிதன் செய்த தீமை. இயேசு தாமாகவே இன்னொன்றைச் சேர்க்கிறார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர். அது விபத்து. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லவே இல்லை என்கிறார். பிறகு மனந்திரும்பச் சொல்லிப் பேச்சைக் கேட்டவர்கள் பக்கமே திருப்புகிறார். செத்தவர்களின் கதையிலிருந்து உயிரோடிருப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது தன்னைப் பற்றிய எச்சரிக்கையை மட்டும், செத்தவர்கள் மேல் தீர்ப்பை அல்ல. மலகிரீடாவும் வெஸ்லியும் இந்தப் பக்கத்தை எத்தனை முறை வாசித்திருப்பார்கள்!

யோபுவின் நூல் இதை இன்னும் வலுவாகச் செய்கிறது. நண்பர்கள் மூவரும் முதலில் வந்து ஏழு பகல் ஏழு இரவு ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். வாய் திறந்ததும் கடவுளுக்காக வழக்காடத் தொடங்கினார்கள்: கடவுள் நீதியுள்ளவர், ஆகவே நீ ஏதோ செய்திருக்க வேண்டும். யோபுவோ கடவுளையே வழக்குக்கு இழுக்கிறான், பிறந்த நாளைச் சபிக்கிறான். கடைசியில் தீர்ப்பு வரும்போது, கடவுளின் பக்கம் பேசிய மூவர்மேல் கடவுளுக்குக் கோபம். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபு என்கிறார். துக்க வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு குருவும், போதகரும், உபதேசியாரும் போகிற வழியில் இந்த இடத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போக வேண்டும்.

யோபுவுக்குக் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. முதல் இரண்டு அதிகாரத்தில் பரலோகத்தில் நடந்த பேச்சு வாசகருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சுழல்காற்றிலிருந்து பேசுகிற கடவுள் அதை எடுக்கவே இல்லை. கடலுக்குக் கதவு போட்டது யார் என்று கேட்கிறார், அவ்வளவுதான். சுனாமிக்கு மறு ஆண்டு அமெரிக்க மரபுவழித் திருச்சபை இறையியலாளர் டேவிட் பென்ட்லி ஹார்ட் எழுதிய சிறு நூலுக்கு அந்தக் கடல் கதவுகளே பெயராயின. ஒவ்வொரு குழந்தையின் சாவுக்கும் தெய்வீகத் திட்டத்தில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுப்பதைவிட, புதிய ஏற்பாட்டை நம்பி, சாவைக் கடவுளின் பகைவன் என்றே அழைப்பது மேல் என்பது அவர் வாதம். கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதும் அதுதான்: கடைசியாக அழிக்கப்படும் சத்துரு மரணம். அப்படியானால் பகைவன் இன்னும் ஆட்டம் போடுகிறானே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் பகைவனைப் பகைவன் என்று சொல்லும் உரிமையாவது அழுகிறவளுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

யோபு கதையின் முடிவில் ஒரு சிறு கணக்கு உண்டு. இழந்தது எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. ஏழாயிரம் ஆடு பதினாலாயிரம் ஆகிறது. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை. முன்பு பத்து, இப்போதும் பத்து. முதல் பத்தும் கடவுளிடம் தொலையவில்லை, அதனால்தான் இருபது தேவைப்படவில்லை என்று ஒரு பழைய வாசிப்பு சொல்கிறது. பிள்ளையை இழந்த யாரோதான் இந்த இடத்தை முதலில் இப்படி வாசித்திருக்க வேண்டும்.

தமிழில் 'விடு' என்ற வினை பெரியம்மாவின் கேள்விக்குள் இருக்கிறது. செய்ய விடுவது, கைவிடுவது, இரண்டும் அதே சொல். சிலுவையில் இயேசு 22ஆம் சங்கீதத்தின் முதல் அடியை எடுத்துத் தாம் கைவிடப்பட்டது ஏன் என்று கேட்டார். பதில் வரவில்லை. 1943-இல் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது, பிறகு இறையியலாளரான யூர்கன் மோல்ட்மன் 17 வயது ராணுவத் துணைப் பையன். பக்கத்தில் நின்ற நண்பன் சிதறினான், இவர் பிழைத்தார். போர்க்கைதி முகாமில் யாரோ கொடுத்த வேதாகமத்தில் 39ஆம் சங்கீதத்தின் புலம்பலையும், மாற்கு எழுதிய அந்தச் சிலுவைக் கூக்குரலையும் வாசித்தார். என்னைப் புரிந்துகொள்ளும் ஒருவர் இருக்கிறார் என்று அப்போது தோன்றியதாகப் பின்னாளில் சொன்னார். அதிலிருந்து முளைத்ததுதான் 1972-இல் வந்த சிலுவையில் அறையப்பட்ட கடவுள் பற்றிய அவருடைய நூல். கடவுள் மேலே உட்கார்ந்து அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டிருப்பவர் என்ற படத்தை அது உடைத்தது. கேள்வி கேட்கப்படுகிறவரே கேள்வி கேட்கிறவராகவும் தொங்குகிறார். இதுவும் காரணம் அல்ல. ஆனால் கிறிஸ்தவம் கையில் வைத்திருப்பது இதுதான், வேறு எதையும் வைத்திருப்பதுபோல நடிக்கக் கூடாது.

பல வருடம் கழித்து ஒரு சாயங்காலம் பெரியம்மாவுக்கு யோவான் 11ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். லாசரு இறந்து நாலு நாள். மார்த்தாள் வழியிலேயே போய் நிறுத்தி, நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்கமாட்டான் என்கிறாள். பிறகு மரியாளும் வந்து அதையே சொல்கிறாள். இரண்டு சகோதரிகளும் நாலு நாளாகத் தங்களுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு அது. இயேசு கண்டிக்கவில்லை. அங்கே அவருக்கு நேர்ந்ததைச் சொல்ல யோவான் போட்ட கிரேக்கச் சொல் சாதாரணத் துயரத்துக்கு உரியது அல்ல, குதிரை கோபத்தில் மூச்சைச் சீறுவதற்குப் பழைய கிரேக்கர் பயன்படுத்தியது. நம் மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் அது கலக்கமாகத் தணிந்துவிட்டது. எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே அவர் சீறினார், பிறகு அழுதார்.

"அவ அப்பிடிக் கேட்டதுக்கு அவரு கோவிச்சுக்கலையா?"

"இல்ல பெரியம்மா. கோவம் சாவு மேலதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு தென்னை ஈர்க்கைக் கிள்ளி அடையாளம் வைக்கச் சொன்னாள்.

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு நான் போக முடியவில்லை. ராத்திரி போனில் பேசினாள். முந்தின நாளே ஆள் வைத்துக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்ததையும், செவ்வந்தி விலை ஏறிக் கிடந்ததையும், காற்றில் மெழுகுதிரி நிற்காமல் கொட்டாங்கச்சிக்குள் வைத்து ஏற்றியதையும் சொன்னாள். பிறகு, "ஆளெல்லாம் போனப்பறம் ஒரு பாட்டம் சத்தம் போட்டுட்டுத்தான் வந்தேன்யா" என்றாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.